யுடிலிட்டி பில்டிங்கில் ஒரு சனிக்கிழமைப் பாடம்



நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சென்ற மாதம் ‘வீடு’ என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தூண், உத்திரம், திண்ணை, நிலைப்படி, தாழ்வாரம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், பதினொரு பிள்ளைகளும் என்னை அருங்காட்சியகப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவர்கள் பேரில் தவறு இல்லை. பிறந்தது முதல் ஃபிளாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் திண்ணையை எங்கே போய்க் காட்டுவது? ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க வீட்ல திண்ணை இல்ல, லிஃப்ட் இருக்கு. லிஃப்டுக்குத் தமிழ்ல என்ன?" என்றான். மின்தூக்கி என்றேன். "அது ஏன் சார் கீழே விழறதில்ல?" என்றான். அவன் தங்கை, "பில்டிங்கே ஏன் விழறதில்ல?" என்றாள்.

முப்பது ஆண்டுகள் கட்டடப் பொறியாளராகச் சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்விக்குக் கரும்பலகை போதாது என்று பட்டது. எம்.ஜி. ரோட்டில் உள்ள யுடிலிட்டி பில்டிங்கின் பதினாறாம் மாடியில் ஓர் அலுவலகத்தில் நம் அன்பர் ஒருவர் பணிபுரிகிறார். அவரிடம் கேட்டேன். "சனிக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது, அழைத்து வாருங்கள்" என்றார். பெற்றோரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மெட்ரோ ரயிலில் புறப்பட்டோம்.

பெங்களூருக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்காகச் சில வரிகள். இந்தக் கட்டடத்தின் முழுப் பெயர் சுபாஷ் சந்திர போஸ் பொதுப் பயன்பாட்டுக் கட்டடம். அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. ‘யுடிலிட்டி பில்டிங்’ என்றால்தான் தெரியும். மாநகராட்சிக்குச் சொந்தமானது. 1973இல் முடிந்தபோது தென்னிந்தியாவின் மிக உயர்ந்த கட்டடங்களில் ஒன்று. இருபத்தைந்து தளங்கள், சுமார் 106 மீட்டர். அடிக் கணக்கில் 350க்குச் சற்றுக் குறைவு. வங்கிகளும் நிறுவனங்களும் நெருங்கிக் கிடக்கும் இந்த வட்டாரத்துக்கு அது பல ஆண்டுகள் அடையாளமாக இருந்தது. இன்று நகரில் அதைவிட உயர்ந்தவை பல வந்துவிட்டன. கண்ணாடி போர்த்திய அந்தப் புதியவற்றுக்கு நடுவே இது கொஞ்சம் வயதானவர் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் பாடம் நடத்த இதுதான் நல்லது. தூணும் தளமும் எங்கே இருக்கின்றன என்று வெளியிலிருந்தே ஊகிக்க முடிகிறது. கண்ணாடி மாளிகையில் அது முடியாது.

எங்களுடன் ஒரு பெரியவரும் வந்தார். வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் தாத்தா. ஊர் தர்மபுரிப் பக்கம். எழுபதைத் தொட்டவர். வகுப்பு முடியும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். "யுடிலிட்டிக்குப் போறீங்களா சார்? நானும் வரட்டுங்களா?" என்று அவராகவே கேட்டார். காரணம் கேட்டபோது, "அதுல கொஞ்ச நாள் கம்பி வேலை செஞ்சேன். அப்ப எனக்குப் பதினேழு வயசு" என்றார். அன்றைய பாடத்தில் பாதி அவர் நடத்தியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வானம் என்றால் என்ன?

கட்டடத்துக்கு எதிரே நின்று முதலில் ஒரு சொல்லைத் திருத்தினேன். பிள்ளைகளில் சிலர் ‘கட்டிடம்’ என்று எழுதுகிறார்கள், பெரியவர்களும் எழுதுகிறார்கள். கட்டுவதற்கான இடம், அதாவது மனை, கட்டிடம். கட்டி முடித்தது கட்டடம். நம் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வைப்பது எளிது. பள்ளியில் படிக்கும் கன்னடத்திலும் அது ‘கட்டட’தான். நம் மாடி அங்கே ‘மஹடி’, நம் கம்பம் அங்கே தூணைக் குறிக்கும் ‘கம்ப’.

பிறகு, "உயரமான கட்டடம் கட்ட முதலில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டுவிட்டு, "அஸ்திவாரம்" என்று நானே விடையும் சொன்னேன். பெரியவர் மெதுவாக, "எங்க ஊர்ல வானம் தோண்டறதுன்னு சொல்லுவோம் சார்" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வானத்தை எப்படித் தாத்தா தோண்டுவது என்று பேத்தியே கேலி செய்தாள். அவர் சொன்னது சரி. கடைக்காலுக்காகத் தோண்டும் பள்ளத்துக்கு வானம் என்ற பெயர் தமிழில் உண்டு. தமிழ் அகராதியிலும் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ‘ஃபவுண்டேஷன்’ என்றே சொல்லிப் பழகிய என் நாக்குக்குத்தான் அது மறந்துபோயிற்று. வானளாவிய கட்டடம் என்று எழுதுகிறோமே, அதற்கும் வானம் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றதும் பிள்ளைகள் அந்தச் சொல்லை நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது மண்ணைப் பொறுத்தது. பெங்களூர் இந்த வகையில் கொடுத்துவைத்த ஊர். லால்பாக்கில் ஏறி விளையாடுகிறோமே அந்தப் பாறை, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது என்று நிலவியலார் சொல்கிறார்கள். அந்த இனத்துப் பாறைதான் இந்த வட்டாரத்துக்கே அடியில் கிடக்கிறது. மேலே செம்மண், அதன்கீழ் உளுத்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மும்பையில் கடலைத் தூர்த்த நிலத்தில் கட்டுகிறவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

யானைக் கணக்கு

தளம் எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் நூறு கிலோ, ஐந்நூறு கிலோ என்கிறார்கள். கணக்குப் போட்டோம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. அதன் காங்கிரீட் தளம் ஐந்து அங்குலக் கனம். மொத்தம் ஏறக்குறைய 1.2 கன மீட்டர் காங்கிரீட். ஒரு கன மீட்டர் சுமார் இரண்டரை டன். ஆக, ஒரே ஓர் அறையின் தரை மட்டும் சுமார் மூன்று டன், அதாவது ஒரு யானை. இருபத்தைந்து தளம் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இருபத்தைந்து யானைகள். சுவர், மேசை, நாற்காலி, ஆட்கள் எல்லாம் தனி.

இந்தக் கனத்தை யார் தாங்குவது? பழைய முறையில் சுவர்தான் தாங்கியது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1891இல் மொனாட்நாக் என்ற பதினாறு மாடிக் கட்டடத்தைச் செங்கல் சுவரிலேயே எழுப்பினார்கள். அடியில் சுவரின் கனம் ஆறடி! இன்னும் உயரம் போனால் கீழ்த்தளம் முழுவதும் சுவராகவே இருக்கும், ஆள் நடமாட இடம் இராது. நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1010இல் முடிந்தது. அதைக் கட்டியவர்களும் கல்லை அடியில் அகலமாக வைத்து, மேலே போகப்போகக் குறுக்கித்தான் எழுப்பினார்கள். இறைவன் ஒருவர் குடியிருக்க அது போதும். ஆயிரம் பேர் உட்கார்ந்து கணக்கு எழுத இடம் வேண்டுமானால் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழிதான் சட்டகம். சுவரை விட்டுவிட்டுத் தூணும் உத்திரமும் கனத்தைத் தாங்கட்டும். சுவர் வெறும் திரை. நம் உடம்பில் எலும்பு தாங்குகிறது, தோல் மூடுகிறது அல்லவா, அதுபோல. இந்த முறையில் எழுந்த முதல் உயர்ந்த கட்டடம் என்று பலரும் குறிப்பிடுவது சிகாகோவில் 1885இல் கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை. அங்கே இரும்பிலும் எஃகிலும் சட்டகம். நம் நாட்டில் பெரும்பாலும் காங்கிரீட்டுக்குள் கம்பி.

காங்கிரீட்டுக்குள் கம்பி எதற்கு? பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தேன். நெட்டுக்குத்தாக நிறுத்தி விரலால் அமுக்கச் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. இரு முனையையும் பிடித்து வளைக்கச் சொன்னேன், பட்டென்று ஒடிந்தது. காங்கிரீட்டும் இப்படித்தான். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும். கம்பி இழுவையைத் தாங்கும். வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன, ஆகவே பிரிவதில்லை. இந்தப் பொருத்தம் இயற்கை கொடுத்த கொடை என்றுதான் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் நம் ஊர்களில் பாதிக் கட்டடங்கள் நின்றிரா.

பெரியவர் இங்கே குறுக்கிட்டார். "கம்பியைக் கட்டி அப்படியே பலகை மேல போட்டுடக் கூடாது பாப்பா. அடியில சின்னச் சின்னதா சிமெண்டுக் கட்டி வைக்கணும். கவர் பிளாக்னு பேரு. அது இல்லன்னா கம்பி வெளியே தெரியும், துரு பிடிக்கும்." எந்த அளவு என்று பேத்தி கேட்டதற்கு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அங்குல அளவுக்கு விரித்துக் காட்டினார். அந்த அங்குலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

"நீங்க கட்டின கம்பி எங்க தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் ஒரு தூணைத் தட்டினார். "உள்ள இருக்கும். எது நான் கட்டுனது, எது மத்தவங்க கட்டுனதுன்னு எனக்கே தெரியாது. காங்கிரீட் ஊத்திட்டா எங்க வேலை கண்ணுக்குத் தெரியாது." கொத்தனார் வேலை தெரிகிறது, பெயிண்டர் வேலை தெரிகிறது, கம்பி கட்டுகிறவர் வேலை மட்டும் தெரிவதே இல்லை. வேலை முடிந்த பிறகு இந்தக் கட்டடத்துக்குள் அவர் வந்ததே இல்லையாம். இத்தனை ஆண்டுகளாக இதே நகரில் இருந்துகொண்டு! "வர வேலை ஒண்ணும் இல்லையே சார்" என்றார்.

லிஃப்டில்

லிஃப்டுக்குள் பையன் தன் கேள்வியை மறக்கவில்லை. 1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் கூட்டத்துக்கு நடுவே ஒரு மேடையில் ஏறி உயரே போய், தூக்கும் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சிறிது இறங்கி நின்றுவிட்டது. கயிறு தளர்ந்ததும் இருபுறப் பற்களும் வழித்தண்டில் கவ்விக்கொள்ளும்படி அவர் செய்திருந்தார். இன்றைய லிஃப்டும் அந்த வழியில் வந்ததுதான். பல எஃகுக் கயிறுகள். வேகம் மிஞ்சினால் கவ்விப் பிடிக்கும் தாடை. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஓர் எடைக்கல். இந்த எடைக்கல்லைக் கிணற்று ஏற்றத்தில் துலாவின் பின்முனையில் கட்டும் கல்லோடு ஒப்பிட்டேன். ஏற்றம் பார்த்தவர் எங்களில் இரண்டே பேர், பெரியவரும் நானும். ஓட்டிஸ் இல்லாவிட்டால் ஐந்தாறு மாடிக்கு மேல் யாரும் குடி வந்திருக்கமாட்டார்கள். உயர்ந்த கட்டடத்துக்குக் காங்கிரீட் எவ்வளவு முக்கியமோ, லிஃப்டும் அவ்வளவு முக்கியம்.

பதினாறாம் மாடி ஜன்னலுக்குப் பிள்ளைகள் ஓடினார்கள். கீழே மெட்ரோப் பாதை. எதிரே அணிவகுப்பு மைதானம். மேற்கே கிரிக்கெட் மைதானம், அதற்கும் அப்பால் கப்பன் பூங்கா மரங்களும் விதான சௌதாவும். வலப்புறம் அல்சூர் ஏரி. விதான சௌதாவுக்கு எதிரே சிவப்பாக இருக்கும் உயர் நீதிமன்றக் கட்டடத்தை அட்டாரா கச்சேரி என்பார்கள். பதினெட்டு அலுவலகங்கள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். 1868இல் முடிந்த அதற்கு ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் அவர் தொடங்கிய பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயரில் நடக்கிறது. 1809இல் கண்டோன்மென்ட் ஏற்பட்டது முதல் இந்த நகரில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் பெயராவது இருக்கிறது.

காற்று பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னல் அருகே ஓர் இரைச்சல் இருந்தது. கீழே தெருவில் இலை அசையவில்லை. உயரே போகப்போகக் காற்றின் வேகம் கூடும். மிக உயர்ந்த கட்டடத்தில் பொறியாளரின் பெரிய கவலை கனத்தைவிடக் காற்றுதான். கட்டடம் தென்னை மரம்போல அடியில் ஊன்றி நிற்கிறது. காற்றில் சிறிது அசையவும் செய்யும். லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றிக் கட்டும் கனத்த சுவர்கள் முதுகெலும்பு போல நின்று அந்த அசைவை அடக்குகின்றன.

பதினான்கு மாடி

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனம் சென்னைக்குப் போய்விட்டது. ஒன்பது வயதில் அப்பா என்னை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப் போய் எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டினார். எண்ணடா என்றார். எண்ணினேன். அங்கே நின்று மாடி எண்ணினவனிடம் ஒருவன் வந்து, ‘எத்தனை எண்ணினாய்? மாடிக்கு ஒரு ரூபாய் கொடு’ என்று மிரட்டியதும், கிராமத்தான் பத்து என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, ‘நான் எண்ணினது பதினாலு, நாலு ரூபாய் மிச்சம்’ என்று பூரித்ததும் நம் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் வரலாறு நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அதைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர். தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்தில் லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரௌன், மௌலின் இருவரையும் கொண்டு திட்டம் போட்டார். முதலில் பதினெட்டு மாடி என்று எண்ணம். 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு முழுவதும் நாட்டுடைமை ஆயிற்று. அரைகுறையாக நின்ற கட்டடம் புதிய எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டு 23 அன்று அப்போதைய மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. அன்று இந்தியாவிலேயே உயர்ந்த அலுவலகக் கட்டடம் என்று புகழ் பெற்றது; ஆனால் தஞ்சை விமானத்தைவிட முப்பத்தொன்பது அடி குறைவு! பிள்ளைகளே கழித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

சிகாகோவிலும் காப்பீட்டு நிறுவனம், சென்னையிலும் காப்பீட்டு நிறுவனம். இங்கே பெங்களூரில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1980இல் முடிந்த விஸ்வேஸ்வரய்யா மையமும் எல்.ஐ.சி.யுடையதுதான். இது தற்செயல் அன்று. காப்பீட்டு நிறுவனத்திடம் மக்கள் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறார்கள். திருப்பிக் கொடுப்பது இருபது, முப்பது ஆண்டு கழித்து. இடையில் அந்தப் பணம் பத்திரமான ஒன்றில் முடங்கிக் கிடக்கலாம். நகரின் நடுவே வாடகை வரும் கட்டடம் அதற்கு ஏற்றது. இன்னொன்றும் உண்டு. முப்பது ஆண்டு கழித்து இவன் இருப்பானா என்று சந்தேகப்படுகிறவனுக்கு, பதினான்கு மாடி எழுப்பிக் காட்டுவதைவிட நல்ல விளம்பரம் எது?

படி இறங்கினோம்

1975 ஜூலையில் அந்த எல்.ஐ.சி. கட்டடம் தீப்பிடித்தது. உள்ளே எரியக்கூடியதெல்லாம் எரிந்தது. காங்கிரீட்டுச் சட்டகம் நின்றது. செப்பனிட்டு மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர் காட்டிய அந்த அங்குலத்தின் இன்னொரு வேலை இதுதான். எஃகு 600 டிகிரிச் சூட்டை நெருங்கும்போது ஏறக்குறையப் பாதி வலுவை இழந்துவிடும். கம்பியை மூடிய காங்கிரீட் அந்தச் சூட்டை நெடுநேரம் உள்ளே விடுவதில்லை.

கட்டடம் நிற்கும், சரி. மனிதர்கள்?

2010 பிப்ரவரி 23, செவ்வாய்க்கிழமை. பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் என்ற ஏழு மாடிக் கட்டடத்தில் தீ. மின்கம்பிகள் செல்லும் செங்குத்துத் துளையில் தொடங்கிய புகை மேல் மாடிகளை நிறைத்தது. ஒன்பது பேர் இறந்தார்கள்; மூச்சுத் திணறிச் சிலர், ஜன்னலிலிருந்து குதித்துச் சிலர். அப்போது என் மகள் அதே சாலைப் பக்கம் வேறொரு கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் வேலை பார்த்தாள். தொலைக்காட்சியில் புகையைப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. எந்தக் கட்டடம் என்று பெயர் தெரியும்வரை, பிறகு அவள் குரல் கேட்கும்வரை, ஒரு மணி நேரத்துக்கும் மேல். என் மனைவி பூஜை அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வாசலுக்கும் போனுக்கும் நடந்தேன்.

இரவு அவள் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஆபீஸ்ல படிக்கட்டு எங்கம்மா இருக்கு?" என்பது. அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள், தினமும் லிஃப்ட். மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "இருக்குப்பா. கதவு பூட்டியிருக்கு. சாவி செக்யூரிட்டி கிட்ட. படியில பழைய கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க." நான் வாழ்நாளெல்லாம் வரைபடத்தில் படிக்கட்டு அகலத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன். கட்டி முடித்து ஒப்படைத்த பின் அந்தப் படியில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பெரியவராவது தாம் கட்டிய கம்பி கண்ணுக்குத் தெரியாது என்றார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆகவே அன்று பிள்ளைகளை லிஃப்டில் இறக்கவில்லை. பதினாறு மாடியும் படியில் இறங்கினோம், கைப்பிடியைப் பிடித்து, எண்ணிக்கொண்டே. பெரியவரை லிஃப்டில் போகச் சொன்னேன். "ஏறினதுதான் கஷ்டம் சார், அப்பல்லாம். இறங்கறது ஒண்ணுமில்ல" என்று எங்களுக்கு முன்னே நடந்தார். இறங்கும்போதே சில செய்திகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். தீயென்றால் லிஃப்டைத் தொடாதே. மின்சாரம் போனால் பெட்டி நடுவில் நிற்கும், அந்தத் துளை புகைபோக்கியாகிவிடும். புகை மேலேதான் முதலில் சேரும். தரையோடு தவழ்ந்தால் மூச்சு கிடைக்கும். படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், புகை உள்ளே வராதிருக்க. ஆனால் பூட்டியிருக்கக் கூடாது. திறப்பதற்கு முன் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே. கீழிருந்து வரும் ஏணியை நம்பி உட்கார்ந்திராதே; நூறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பத்துக் கிலோ அழுத்தம் வேண்டும். அதனால்தான் உயர்ந்த கட்டடத்துக்குள்ளேயே தீயணைப்புக் குழாயும் தொட்டியும் வைக்கிறார்கள்.

ஒன்பதாம் மாடிக்கு வரும்போதே சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கடுத்தது. பெரியவர் பேத்தியின் நோட்டை வாங்கிக்கொண்டார். தரைக்கு வந்ததும் படி எண்ணிக்கையைக் கேட்டேன். பதினொரு பேரும் பதினொரு எண் சொன்னார்கள்.

வீட்டுப்பாடமாகக் கொடுத்தது இது. அப்பா அல்லது அம்மாவின் அலுவலகத்தில், அல்லது குடியிருக்கும் ஃபிளாட்டில், படிக்கட்டு எங்கே இருக்கிறது? இருக்கையிலிருந்து அங்கே போக எத்தனை கதவு தாண்ட வேண்டும்? கதவு திறக்கிறதா? படியில் என்ன கிடக்கிறது? நாலைந்து வாக்கியம், தமிழில். தூண், தளம், படி, கைப்பிடி, வானம் என்ற ஐந்து சொல்லும் வர வேண்டும்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேர் எழுதி வந்தார்கள். ஐந்து இடங்களில் எல்லாம் சரி. ஒரு ஃபிளாட்டில் படியில் சைக்கிளும் பூந்தொட்டியும். இரண்டு அலுவலகங்களில் பூட்டு. அந்த இரண்டில் ஒன்றில் பையனின் தாயார் மேலதிகாரியிடம் பேசி, பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போடச் செய்திருக்கிறார். மற்றொன்றில் இன்னும் பேச்சு நடக்கிறது. எழுதி வராத மூன்று பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.